ஏரி வற்றும் வரிசை

திருவண்ணாமலை வட்டாரத்து ஏரிகளுக்கு ஆடிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை வரை பறவைகள் வந்து போகின்றன. எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை, ஒரே திசையிலிருந்தும் வருவதில்லை. சைபீரியாவில் குஞ்சு பொரித்த ஊசிவால் வாத்தும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேடந்தாங்கலில் வளர்ந்த மஞ்சள்மூக்கு நாரையும் மாசி மாதத்தில் ஒரே ஏரியின் இரு மூலைகளில் மேயும். இவற்றை எண்ணுவது வனத்துறையிலும் ஆய்வு நிறுவனங்களிலும் இருக்கும் சிலருக்குச் சம்பள வேலை; மற்றவர்களுக்கு விடியற்காலைப் பழக்கம். இரு சாராருக்கும் பொதுவான முதல் பாடம் ஒன்று உண்டு. பறவையைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

வலசை என்றதும் பலர் நினைவுக்கு வருவது கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளி. தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் கென்யாவின் மாசாய் மாராவுக்கும் இடையே ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்டுகளும் இரண்டு லட்சம் வரிக்குதிரைகளும் ஆண்டுதோறும் சுற்றி வருகின்றன. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அவை தெற்கே எரிமலைச் சாம்பல் படிந்த சமவெளியில் இருக்கும். அங்கே புல் குட்டை, ஆனால் சத்து மிகுந்தது. பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடும். சமவெளி காய்ந்ததும் மந்தை வடமேற்காக நகர்ந்து, ஜூலைக்குப் பின் மாரா ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும். மழை பெய்த பக்கம் புல், புல் முளைத்த பக்கம் மந்தை என்பதே அங்குள்ள விதி. அந்த மந்தையை எண்ணுவதற்கென்று 1950களின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் அவருடைய மகன் மைக்கேலும் வரிக்குதிரைக் கோடு தீட்டிய சிறு விமானத்தில் பறந்தார்கள். 1959 ஜனவரியில் அதே விமானம் விழுந்து மகன் இறந்தார். கால்நடைகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போடப்பட்ட பிறகு, 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட் கூட்டம் 1970களின் பிற்பகுதிக்குள் 13 லட்சத்தைத் தொட்டது. தொடர்ந்து எண்ணியவர்கள் இருந்ததால்தான் இந்த மாற்றம் உலகுக்குத் தெரிந்தது.

திருவண்ணாமலையில் அப்படி ஒரு மந்தை கிடையாது. இங்கே விதியும் தலைகீழ். ஆப்பிரிக்காவில் விலங்கு மழைக்குப் பின்னால் போகிறது. இங்கே பறவை தண்ணீர் வடிவதற்குப் பின்னால் வருகிறது. நிறைந்த ஏரியைப் பார்த்து மகிழ்கிறவர் விவசாயி. எண்ணுபவருக்கு நிறைந்த ஏரி அனேகமாக வெற்று ஏரி.

ஏரியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். வட தமிழ்நாட்டு ஏரி, சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டு மழைநீரை மறித்ததால் உண்டானது. கரையை ஒட்டி ஆழம் அதிகம். எதிர்ப்பக்கம் போகப் போக ஆழம் குறைந்து, கடைசியில் தரையோடு தரையாக முடியும். அந்த ஆழமற்ற நீர்ப்பரப்பை உள்வாய் என்பார்கள். கரையில் மதகு, ஓரத்தில் உபரி நீர் வழியும் கலங்கல். ஏரி நிரம்பி வழிந்தால் ‘கோடி போகிறது’ என்று ஊரே போய்ப் பார்க்கும். மாவட்டத்தில் பெரிய ஏரிகள் மட்டும் ஏறத்தாழ 700 உள்ளன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை அரசின் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. மலையடிவாரத்துச் சமுத்திரம் ஏரியும் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகில் உள்ள வேங்கிக்கால் ஏரியும் நகரத்தார் கண்ணில் படுபவை. எண்ணுபவருக்கு வேண்டியவை பெரும்பாலும் பெயர் தெரியாத கிராமத்து ஏரிகள்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் இரவு இடிமழையாகப் பெய்து மண்ணை நனைக்கும். ஏரியை நிரப்புவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம், அதிலும் குறிப்பாகப் புயல்கள். கார்த்திகை தீபத்துக்கு மலை ஏறியவர்கள் நனையாமல் இறங்கியது அபூர்வம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டியபோது மலைச்சரிவில் மண் சரிந்து வீடுகள் புதைந்து உயிர்கள் போயின. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. இதற்கு எதிர்முனை 2016. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஏரிக்குள் ஆடு மேய்ந்த ஆண்டு அது. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கேயோதான் ஒவ்வோர் ஆண்டும் அமையும். அதனால் ‘இந்தப் பறவை இந்தத் தேதியில் வரும்’ என்று சொல்கிறவரை நம்ப வேண்டியதில்லை.

தேதியை நம்பக்கூடிய கூட்டம் ஒன்று உண்டு. அது உள்ளான்கள். ஆர்க்டிக்கை ஒட்டிய சதுப்புகளில் குறுகிய கோடையில் முட்டையிட்டு முடித்த பெரிய பறவைகள், குஞ்சுகளுக்கு முன்னால் கிளம்பிவிடும். ஆடிக் கடைசியிலோ ஆவணி முதலிலோ, கோடைமழையில் தேங்கிய ஒரு குட்டையின் ஓரத்தில் பொறி உள்ளான் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஊரில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. வெயில் கொளுத்துகிற அந்த மாதத்தில் ‘குளிர்காலப் பறவை’ வந்துவிட்டது என்றால் சிரிப்பார்கள். புரட்டாசியில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். வேலி முள்ளில் பழுப்புக் கீச்சான் வந்து உட்கார்ந்து, கரகரத்த குரலில் தன் எல்லையை அறிவிக்கும். அது பிடித்துக்கொண்ட வேலியை அடுத்த சித்திரை வரை விட்டுக்கொடுப்பதில்லை. வாலாட்டிகளும் இதே சமயத்தில் வருகின்றன. சாம்பல் வாலாட்டி ஓடும் தண்ணீரை விரும்பும். ஆகவே மலையடிவாரத்து ஓடைகளிலும் கலங்கலின் கீழேயும் தேட வேண்டும்.

பிறகு மழை. ஏரி நிரம்பத் தொடங்கினால் உள்ளான்களுக்கு வேலை போய்விடும். அவற்றின் கால் நீளம் சில விரற்கடை. வயலுக்கும் சாலையோரப் பள்ளத்துக்கும் அவை சிதறிவிடும். ஆழமான புதுநீரில் முதலில் இறங்குபவை முங்கி மேயும் பறவைகள்: முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி. நாமக்கோழிகளில் இங்கேயே வாழ்பவையும் உண்டு, வடக்கிலிருந்து வந்து சேர்பவையும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. கார்த்திகையில் ஐம்பது இருந்த ஏரியில் தை மாதம் ஐந்நூறு இருந்தால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். எந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்று விரலை நீட்டிச் சொல்ல முடியாது.

தை பிறந்ததும் நவரைப் பட்டத்துக்கு மதகு திறப்பார்கள். வலசையின் உண்மையான வரிசை அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. தண்ணீர் ஒரு சாண் குறைந்தாலே உள்வாயில் பல ஏக்கர் நிலம் வெளியே தெரியும். சரிவு அவ்வளவு மெதுவானது. நீருக்குள் கிடந்த புல்லின் விதைகளும் கிழங்குகளும் வாத்தின் கழுத்துக்கு எட்டும் ஆழத்துக்கு வரும். ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நீலச்சிறகு கிளுவை ஆகியவை தலையைக் கவிழ்த்து வாலை வானத்துக்குக் காட்டி மேய்பவை. கவிழ்ந்தால் எட்டுகிற ஆழமே அவற்றுக்கு எல்லை. ஊசிவாலுக்குக் கழுத்து நீளம். ஆகவே அது கிளுவையைவிட ஓர் அடி உள்ளே தள்ளி மேயும். ஆண்டி வாத்தின் அலகு அகன்று சல்லடை போல இருப்பதால் பெரும்பாலும் நீரின் மேல்பரப்பையே வடிகட்டித் தின்னும். ஒரே ஏரியில் மூன்று வகை வாத்து சண்டையில்லாமல் இருப்பதன் காரணம் இதுதான்.

மாசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும். நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த காலை எடுத்து எடுத்து வைத்து நடுவில் நடக்கும். பச்சைக்காலி ஓரத்தில் ஓடும். கருவால் மூக்கன் வந்தால், நீண்ட அலகை வேர் வரை சேற்றில் செருகும். வெள்ளை அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் வரிசையாகச் சேற்றைக் கலக்கிக்கொண்டு போகும். இவை போன பாதையில் கொக்குகள் பின்தொடர்ந்து, கலங்கிய நீரில் துள்ளுகிற குஞ்சு மீன்களைப் பொறுக்கும். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்தபடி நீரில் விட்டு இருபுறமும் அளையும். மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். கண்ணை நம்பாமல் தொடு உணர்வை நம்பிப் பிடிப்பதால் கலங்கிய தண்ணீர் அதற்குத் தடையே இல்லை. நத்தைகுத்தி நாரையின் அலகில் நடுவே இடைவெளி இருக்கும். நத்தையை உடைக்காமல் சதையை உருவி எடுப்பதில் அது கைதேர்ந்தது.

பங்குனி, சித்திரையில் ஏரி ஒன்றிரண்டு குட்டையாகச் சுருங்கும். ஆண்டு முழுவதும் ஏரியெங்கும் பரவிக் கிடந்த மீன்கள் எல்லாம் அந்தக் குட்டையில். அப்போது கூழைக்கடாக்கள் வரும். நாலைந்து பறவைகள் வரிசை கட்டி மீனைக் கரையோரம் ஒதுக்கி, ஒரே நேரத்தில் அலகுப் பையை இறக்கி அள்ளும். மீன் குத்தகை எடுத்தவர் அதே வாரத்தில்தான் வலை போடக் காத்திருப்பார். வெடி வெடித்து விரட்டுவார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. முதலீடு அவருடையது. எண்ணுபவர் அவருடன் பேசிப் பழகி, வலை போடும் நாளைத் தெரிந்துகொண்டு அதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போவதே புத்திசாலித்தனம்.

நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் வெளிநாட்டுப் பறவைகள் என்று செய்தித்தாள்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன. இவை இந்தியாவுக்குள்ளேயே தண்ணீரைத் தேடி அலைபவை. வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் ஐப்பசி, கார்த்திகையில் மரத்தில் கூடு வைத்து, குஞ்சுகள் பறக்கும் பருவத்தில் சுற்று வட்டார ஏரிகளுக்குப் பரவுகின்றன. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று கேட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் எழுத்துமூலம் உத்தரவு வாங்கியவர்கள். எச்சம் விழுந்த நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். அந்த ஊர் காத்த பறவைகளுக்கு மற்ற ஊர்களின் வற்றும் ஏரிகள்தான் தீனி போடுகின்றன. சரணாலயம் கூடு வைக்கும் இடம் மட்டுமே. நூறு சாதாரண ஏரிகள் இல்லாவிட்டால் அதனால் தனித்து எதையும் காப்பாற்ற முடியாது. இதைச் சட்டமும் திட்டமும் இன்னும் சரியாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

எண்ணும் முறைக்கு வரலாம். நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், பெரும்பாலான ஏரிகளின் கரை கிழக்குப் பக்கம் அமைந்திருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பறவைகள் முழு வெளிச்சத்தில் தெரியும். இது நல்ல வசதி, ஆனால் பாதி வசதி. கரையிலிருந்து தெளிவாகத் தெரிவது ஆழ்நீர்ப் பறவைகள். உள்ளான்கள் இருப்பது எதிர்க்கோடியில், உள்வாயில். அங்கே சுற்றிப் போய்க் காலையில் பார்த்தால் சூரியன் முகத்துக்கு எதிரே; எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். ஆகவே ஒரே ஏரிக்குக் காலையில் கரை, மாலையில் உள்வாய் என்று இருமுறை போக வேண்டும். முடியாதவர்கள் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு கரையில் நடக்கிறார்கள். மலையை ஒட்டிய ஏரிகளில் சரிவு வேறு திசையில் இருப்பதால் இந்தக் கணக்கு மாறும்.

நூறு பறவைக்குள் என்றால் ஒன்றொன்றாக எண்ணலாம். அதற்கு மேல் கூட்டத்தைப் பகுதி பிரிக்க வேண்டும். பத்து பறவையை எண்ணி, அவை அடைத்த இடத்தின் அளவைக் கண்ணில் வாங்கி, அதே அளவை மிச்சக் கூட்டத்தின் மீது வைத்து வைத்து நகர்த்துவது வழக்கமான முறை. பழகாதவர்கள் பெரிய கூட்டத்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பறந்து செல்லும் கூட்டத்தில் இது இன்னும் மோசமாகும். வாத்துக் கூட்டத்தை ஒரு பருந்து கிளப்பிவிட்டால், அவை திரும்ப இறங்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருப்பதே நல்லது. பறக்கும்போது எண்ணிய எண்ணை எழுதி வைப்பது, எழுதாமல் விடுவதைவிடக் கெடுதல்.

அடையாளத்தில் தொல்லை கொடுப்பவை ஆண் பறவைகள் அல்ல. ஆண் ஊசிவாலைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். பெண் வாத்துகள் எல்லாம் பழுப்பு. கிளுவையின் பெட்டையை முகத்துக் கோடுகளை வைத்தும், பறக்கும்போது சிறகை வைத்தும்தான் பிரிக்க முடியும். உள்ளான்களில் பேதை உள்ளான் எல்லாரையும் குழப்பும். அதன் ஆண் பெரியது, பெண் மிகச் சிறியது. காலின் நிறமும் ஒவ்வொன்றுக்கும் மாறும். கோரை உள்ளானை எண்ணுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கோரைக்குள் பதுங்கிக் கிடக்கும் அது காலடிக்குக் கீழிருந்து கிளம்பினால்தான் இருப்பதே தெரியும். எண்ணிக்கைத் தாளில் அதற்கு எதிரே எழுதப்படும் ‘3’ என்பதற்கு ‘மூன்று கிளம்பின’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

ஒரு ஏரியின் நீர்மட்டத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் அந்த ஊர் நீர்க்கட்டி. எந்த மதகை என்றைக்குத் திறந்தார்கள், எந்த மூலையில் சேறு கால் வாங்கும், எந்த இடத்தில் கட்டாந்தரை என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். தொலைநோக்கி வாங்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அவருக்குத் தேநீர் வாங்கித் தந்தால் ஒரு பருவத்துக்கான வழிகாட்டுதல் கிடைத்துவிடும். இப்போது பல ஊர்களில் அந்தப் பொறுப்பே மங்கிவிட்டது. ஆழ்துளைக் கிணறு வந்த ஊரில் மதகைத் திறப்பதற்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை.

ஏரியைத் தூர்வாருவது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எப்படி வாருகிறார்கள் என்பதில்தான் சிக்கல். வண்டலை மேலாக வழித்து வயலுக்குக் கொண்டுபோனால் ஏரியின் சரிவு மாறாது. இயந்திரத்தை இறக்கிச் செங்கல் சூளைக்கும் சாலைக்கும் மண் அள்ளினால் ஏரிக்குள் செங்குத்தான பள்ளங்கள் விழும். பள்ளத்தில் தண்ணீர் கோடையிலும் நிற்கும், கொள்ளளவும் கூடும்; கணக்குக்கு எல்லாம் நல்லதாகவே தெரியும். ஆனால் கணுக்கால் ஆழம் என்று ஒன்று அங்கே இருக்காது. கரையோரம் முழுவதும் ஒரேயடியாக ஆளுயரம். உள்ளானும் நாரையும் நிற்க இடமில்லாத ஏரி அது. குடிமராமத்துத் திட்டம் 2017-இல் தொடங்கி நூற்றுக்கணக்கான ஏரிகளுக்குப் பணம் வந்தபோது, உள்வாயின் சரிவைக் காப்பது பற்றி ஒரு வரி சேர்த்திருந்தால் செலவு ஒரு காசும் கூடியிருக்காது. ஏரிக்குள் வளர்ந்த நாட்டுக் கருவேல மரங்களை மொத்தமாக வெட்டுவதும் இதே வகை. சமூகக் காடு வளர்ப்பில் நட்டவை அவை. தண்ணீருக்கு நடுவே நிற்கிற மரத்தில்தான் நாய் ஏறாது, பூனை ஏறாது. கொக்கும் நீர்க்காகமும் அங்கேதான் கூடு கட்டும். சீமைக் கருவேலத்தை அகற்றப் போன இயந்திரம் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறது.

ஏரியைவிட்டு மலைக்கு வந்தால் வலசையின் முகம் வேறு. அண்ணாமலை ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள பாறை மலை. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி அது மொட்டையாகக் கிடந்தது. ஆண்டுதோறும் புல்லுக்குத் தீ வைத்ததால் கன்றுகள் தலையெடுக்கவில்லை. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் நட்ட மரங்களும், தை மாதத்துக்குள் புல்லை வெட்டி எடுக்கும் தீத்தடுப்புக் கோடுகளும் சேர்ந்து ஓடைப் பள்ளங்களில் நிழலைக் கொண்டுவந்தன. நிழல் வந்த பிறகு ஆறுமணிக்குருவி தங்குவதற்கும் இடம் கிடைத்தது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு வைக்கும் இந்தப் பலவண்ணக் குருவி ஐப்பசி வாக்கில் தெற்கே வரும். இரவில்தான் பறக்கும். களைத்துப்போனால் விளக்கு எரியும் வீட்டு வராந்தாவிலோ கடைக்குள்ளோ விழுந்து கிடக்கும். அப்படிக் கிடக்கும் குருவியை அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, மாலையில் மரத்தடியில் விட்டால் போதும். அரிசியும் பாலும் ஊட்டுவது கொல்வதற்குச் சமம். தங்கிவிட்டதென்றால் காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். பார்ப்பது அரிது. எண்ணுபவர்கள் காதால்தான் கணக்கு வைக்கிறார்கள்.

மலையின் புள்ளிமான்கள் தூரம் போவதில்லை, உயரம் மாறுகின்றன. மழைக்காலத்தில் சரிவுகளில் பரவி மேய்வதும், மாசிக்குப் பிறகு அடிவாரத்துக் குட்டைகளை நோக்கி இறங்குவதும் அவற்றின் வழக்கம். இறங்குகிற இடம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. வேலி, வாகனம், தெருநாய் மூன்றும் அங்கே காத்திருக்கின்றன. காட்டுக்குள் தொட்டி கட்டித் தண்ணீர் விடுவது பலன் தருகிறது. தொட்டியை எங்கே கட்டுவது என்பதில்தான் அறிவு தேவை. பாதைக்குப் பக்கத்தில் கட்டினால் லாரிக்கு வசதி, மானுக்கு ஆபத்து. யானைகளின் பருவ நடமாட்டம் இன்னும் வடமேற்கே. பன்னர்கட்டா காட்டிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு முற்றும் நேரம் பார்த்து மந்தைகள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வருகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் திருவண்ணாமலைக் காடுகளில் யானை விருந்தாளி. இங்கே தங்கிவிட்ட ஒரு சிறு மந்தையை வனத்துறை 2013-இல் கும்கிகளை வைத்துப் பிடித்து மேற்குத் தொடர்ச்சி மலை முகாம்களுக்குக் கொண்டுபோனது.

பட்டாம்பூச்சி வலசையும் இந்த வழியாகவே நடக்கிறது. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை தென்மேற்கு மழை கடுமையாவதற்கு முன் மேற்கு மலையிலிருந்து கிழக்கு மலைகளுக்கும், ஐப்பசி வாக்கில் திரும்பவும் கூட்டமாகப் பறக்கின்றன. சவ்வாது மலையும் சேர்வராயனும் கொல்லி மலையும் இந்தப் பாதையைச் சேர்ந்த மலைகள். வழியில் கிலுகிலுப்பைச் செடியும் தேள்கொடுக்கும் இருக்கும் இடங்களில் ஆண் பூச்சிகள் மொய்க்கும். காய்ந்த தண்டிலிருந்து அவை உறிஞ்சும் வேதிப்பொருள்தான் பெண்ணைக் கவரும் மணமாக மாறுகிறது. வெண்புள்ளிக் கருப்பனின் புழு தின்பது அரளி இலை. மாலைக்குப் பூக்கொடுக்கும் அரளித் தோட்டங்கள் நிறைந்த கோவில் ஊரில் அதற்கு உணவுப் பஞ்சமில்லை. உடம்பில் நஞ்சு இருப்பதால் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. சாவகாசமாகப் பறக்க அந்தப் பூச்சிக்குத் துணிச்சல் கொடுப்பது இதுவே. ஓரிடத்தில் நின்று, ஒரு நிமிடத்தில் கண்முன் கடந்து போகிறவற்றை எண்ணி, திசையையும் குறித்துக்கொள்வதே இவற்றை எண்ணும் முறை.

ஆப்பிரிக்கப் புல்வெளிக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு வைத்திருப்பது ஒரு தும்பி. தாழப் பறந்தால் மழை என்று ஊரில் சொல்லப்படும் மஞ்சள் நிறத் தட்டான்களில் பெரும்பான்மை பாண்டலா ஃபிளாவெசென்ஸ் என்ற இனம். மழையில் தேங்கிய தற்காலிகக் குட்டையில் முட்டையிட்டு, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து பறந்துவிடும். மாலத்தீவில் ஆறு கிடையாது, நன்னீர்க் குளமும் மிக அரிது. ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் அங்கே தும்பிகள் குவிந்தன. அங்கு வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் பல ஆண்டுகள் தேதிகளைச் சேர்த்து, அவை இந்தியாவிலிருந்து காற்றோடு கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். திரும்பி வருவது அவற்றின் வாரிசுகள், தென்மேற்குக் காற்றில். போய்த் திரும்பும் மொத்தத் தூரம் 14,000 கிலோமீட்டருக்கு மேல். நான்கு தலைமுறை ஆகும். மங்கோலியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் பிறந்து தென்னாப்பிரிக்கப் புல்வெளிக்குச் செல்லும் அமூர் வல்லூறும் இதே பருவத்தில் இந்தியாவைக் குறுக்கே கடந்து அரபிக்கடல் தாண்டுகிறது. வழியில் அது தின்பது இந்தத் தும்பிகளைத்தான் என்பது ஆண்டர்சனின் கருத்து.

சேகரித்த எண்கள் பல இடங்களுக்குப் போகின்றன. வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு, 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு மூன்றும் அதில் முக்கியமானவை. மூன்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. அவை குளிர்காலத்தை ஒட்டியே நடக்கின்றன. தையில் ஏரி நிறைந்திருந்தால் எண்ணிக்கை குறைவாகவும், பாதி வற்றியிருந்தால் அதிகமாகவும் வரும். மழை பொய்த்த ஆண்டில் எஞ்சிய ஒன்றிரண்டு ஏரிகளில் எல்லாப் பறவையும் குவிவதால், அந்த ஏரிகளின் தாள் மட்டும் சாதனை போலத் தெரியும். அதனால் அனுபவமுள்ளவர்கள் பறவைப் பெயருக்கு முன்னால் நீர்மட்டத்தை எழுதுகிறார்கள்: கலங்கல் மட்டம், முக்கால், பாதி, குட்டை, வறட்சி. சுற்றியுள்ள ஏரிகளையும் அதே காலையில் வேறு வேறு ஆட்கள் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே கூட்டம் இரண்டு தாளில் ஏறிவிடும். வறண்ட ஏரிக்கும் போய், நேரத்தைக் குறித்து, சுழியம் என்று எழுதி அனுப்ப வேண்டும். புதிதாக வருபவர்கள் பலரும் அந்தத் தாளை அனுப்பாமல் விடுகிறார்கள்.